ஒரு வாஷர் மிச்சம்

தங்கச்செல்விக்கு அவள் அப்பா வைத்த விலை ஒரு பம்புசெட் மோட்டார். அதுவும் அக்கக்காகக் கழற்றிச் சாக்கில் கொட்டியது.

"பொண்ணு பார்க்க வந்த இடத்துல இது என்னண்ணே?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா பொன்னுத்தாய்.

"பொண்ணை நீங்க பாருங்க தங்கச்சி. மாப்ளையை நான் பார்க்க வேண்டாமா?" என்றார் வெள்ளத்துரை. பந்தல்குடியில் மோட்டார்க் கடை வைத்திருப்பவர். ஒரே மகள், அவளைக் கட்டுகிறவனுக்குத்தான் கடைச் சாவியும்.

மாப்பிள்ளை ராஜகுரு அதை மாட்டிக்காட்டச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மெட்ராஸில் ஒரு கம்பெனி புதுசாக வெளிநாட்டு மெஷின் இறக்கியிருந்தது. ஹெல்மெட் மாதிரி தலையில் மாட்டினால் கண்ணெதிரே மோட்டார் தெரியும். கையை வெறுங்காற்றில் ஆட்டி ஆட்டி மாட்டிப் பழக வேண்டும். அதில் அவன் வாங்கிய சர்டிபிகேட் பொன்னுத்தாயின் பையில் பத்திரமாக இருந்தது.

"கண்ணைக் கட்டிவிட்டா சொல்லிக்குடுத்தாக?" வெள்ளத்துரை சிரித்தார். "அந்த மோட்டார்ல கிரீஸு இருந்துச்சா மாப்ள?"

"அதுல கையில ஒண்ணும் ஒட்டாது மாமா."

"ரொம்ப வசதியாப் போச்சு."

நிஜ மோட்டார் கனத்தது. வழுக்கியது. நடுவில் சுழலும் ரோட்டார் நழுவி நகத்தை நசுக்கியது. ஆனாலும் எதற்குப் பின் எது என்பது மனசில் அச்சாக இருந்தது. பேரிங், மூடி, காத்தாடி என்று ஒவ்வொன்றாக ஏற்றி, கடைசிப் போல்ட்டை முறுக்கி நிமிர்ந்தான்.

சாக்கில் ஒரு வாஷர் மீந்து கிடந்தது.

கிரீஸ் அப்பிக் கறுத்த சாக்கில் அது மட்டும் கழுவிவைத்த டம்ளர் மாதிரி பளபளத்தது. எங்கே விட்டோம்?

மெட்ராஸ் மெஷினில் ஒரு சாமான் மிஞ்சினால் கண்ணெதிரே சிவப்பு விளக்கு எரியும். மறைக்க வழியே கிடையாது. இங்கே விளக்கு இல்லை. வெள்ளத்துரை வயர் எடுக்கத் திரும்பிய நேரத்தில் வாஷர் அவன் பேன்ட் பைக்குள் போய்விட்டது.

காபி கொண்டுவந்த தங்கச்செல்வி சாக்கைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். டம்ளரை வைத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

"மிச்சம் மீதி ஏதும் இல்லையே மாப்ள?"

"ஒண்ணும் இல்ல மாமா."

சுவிட்சைப் போட்டார். மோட்டார் வண்டு மாதிரி ரீங்கரித்தது.

"பார்த்தீகளாண்ணே எம்புள்ளைய!" பொன்னுத்தாய்க்குப் பூரிப்பு தாங்கவில்லை.

ராஜகுருவுக்குக் காது சுட்டது. அம்மா அவனைப் புகழப் புகழ, பைக்குள் கிடந்த வாஷர் ஆட்டுக்கல் மாதிரி கனத்தது. 'கல்யாணம் முடியட்டும், ஒருநாள் கடையைச் சாத்திவிட்டு நாமே பிரித்து மாட்டிவிடலாம்' என்று தனக்குத்தானே பேரம் பேசிப் பார்த்தான். படியவில்லை. சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் வாயைத் திறந்தான். இரண்டு தரமும் "நல்ல காபி மாமா" என்றுதான் வந்தது.

வெள்ளத்துரை பஸ் ஸ்டாப் வரைக்கும் வழியனுப்ப வந்தார். அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ராஜகுருவுக்கு அப்பாடா என்றிருந்தது. ஜன்னல் கம்பி வழியாக அவர் கையை நீட்டினார். பற்றிக்கொள்ளப் போனவன் கை பாதியில் நின்றது. உள்ளங்கை மேல்நோக்கி விரிந்திருந்தது.

"மோட்டார்ல ஒரு குறையும் இல்ல. நம்ம கணக்குல என் வாஷர் ஒண்ணுதான் நிலுவை. குடுத்துட்டுப் போங்க தம்பி, நாளைக்கு வார மாப்ளைக்கும் சாக்குல போட்டு வைக்கணும்."