வெள்ளை வயர்

ஒரு விடுகதை போடுகிறேன். பிரித்துவிட்டால் பறக்கும், சேர்த்துவிட்டால் தவழும். அது என்ன?

தெரியவில்லையா? மின்சார சைக்கிளின் சீட்டுக்கு அடியில் இருக்கும் வெள்ளை வயர். வேகம் எல்லை மீறாமல் பிடித்து வைப்பது அதுதான். வீடு வீடாகச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள், "முதல்ல அதைக் கழட்டுங்க" என்றுதான் மெக்கானிக் கடைக்கே வருவார்கள்.

அப்படிச் சாமான் கொடுக்கும் ஓர் அப்பாவும் மகளோடு அதற்குத்தான் வந்திருந்தார். மூன்றாவது முறையாக.

"ஏம்மா, நீ மெக்கானிக்கா, மந்திரவாதியா? கழட்டிட்டேன்னு சொல்ற. ரெண்டே நாள்ல வண்டி மறுபடியும் ஆமை மாதிரி போகுது!"

பஞ்சர் ஒட்டக் காத்திருந்தவர் சிரித்தார். "ஆமை கோவிச்சுக்கப் போகுது சார்."

அப்பா சிரிக்கவில்லை. அவருடைய ஒன்பது வயது மகள் பள்ளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

மெக்கானிக் அக்கா சீட்டைத் தூக்கிப் பார்த்தாள். சட்டென்று மூடினாள்.

"என் தப்புதான் சார். போன தடவை சரியா கழட்டல."

"வேலை தெரியலன்னா கடையை இழுத்து மூடு! எதுக்கு அடுத்தவன் பொழைப்பைக் கெடுக்கிற?"



போன் அடித்தது. அப்பா வாசலுக்கு ஓடினார். "இனிமே லேட் ஆகாது சார்... இந்த ஒரு தடவை... வேலையை விட்டு மட்டும் எடுத்துடாதீங்க சார்..."

அக்கா சிறுமியை அருகில் அழைத்து சீட்டைத் தூக்கிக் காட்டினாள். வயர் சேர்ந்திருந்தது. அதைச் சுற்றி, முயல் படம் போட்ட, குழந்தைகள் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி.

"போன தடவையும் இதே முயல்தான். நீதானே?"

சிறுமி தலையாட்டினாள். "நீங்க கழட்டும்போது பார்த்து வச்சுக்கிட்டேன்."

"அப்பாவுக்கு வேலை போயிடும்மா. தெரியுமா?"

"தெரியும். பழைய வண்டியிலயும் இந்த வயரைக் கழட்டித்தான் வச்சிருந்தாரு. அம்மாவைப் பின்னாடி உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போனாரு. அப்பா மட்டும்தான் திரும்பி வந்தாரு."

அக்கா சீட்டை மெல்ல மூடினாள்.

"நான் இப்ப என்னம்மா செய்யட்டும்?"

அப்பா போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

வயர் அப்படியே இருக்கட்டும் என்றாள் சிறுமி அக்காவிடம். சேர்த்தது யார் என்பதைத் தானே அப்பாவிடம் சொல்லிக்கொள்வதாகவும் சொன்னாள்.