மண்ணும் மூச்சும்

பஞ்சு சுற்றிய குச்சியை உறையிலிருந்து எடுத்துக்கொண்டு, வாயைத் திறக்கும்படி காணாமற்போனோர் அலுவலகத்து அதிகாரிப் பெண் சொன்னாள்.

சுசிலா திறக்கவில்லை. சற்றுமுன்தான் தேத்தண்ணீர் குடித்தேன் என்று பொய் சொன்னாள். அப்படியென்றால் அரை மணித்தியாலம் பொறுக்க வேண்டும் என்றாள் அதிகாரி.

அரை மணித்தியாலம் கிடைத்துவிட்டது. அதை வைத்து என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பக்கத்துக் கதிரையில் அவளுடைய கணவர் மத்தேயு இருந்தார். கடலுக்குப் போகாமல், ஞாயிறு பூசைக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

மேசையில் ஒரு பிளாஸ்டிக் பை. முல்லைத்தீவுப் பக்கம் ஒரு காணியில் குழாய் புதைக்கத் தோண்டியபோது கிளம்பிய எலும்புகளோடு கிடைத்த பொருள். உள்ளே பழுப்பேறிய நைலோன் நூல், இரண்டு சின்னச் சதுரங்களாக. மாதாவின் உத்தரியம், காவலுக்கென்று கழுத்தில் போடும் இரண்டு துணித் துண்டுகள். துணி மக்கிவிட்டது. தைத்த நூல் மக்கவில்லை.

மற்றத் தாய்மார் அதைச் சாதாரணத் தையல் நூலில்தான் தைப்பார்கள். உப்புத் தண்ணீரில் ஊறி அறுந்துபோகிறதே என்று சுசிலா மட்டும் மத்தேயுவின் வலை நூலில் தைத்தாள். மூலைக்கு மூன்று முடிச்சு. பிள்ளையின் கழுத்தில் மீன் பிடிக்கப்போகிறாயா என்று மத்தேயு அப்போது கேலி செய்தார்.

அது மகன் யூட்சனின் கழுத்தில் கிடந்தது. இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம், சனத்துக்குள் அவளுடைய கையிலிருந்து அவனுடைய கை வழுகியபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. அந்த வியர்வை ஈரம் பதினாறு வருடமாக அவளுடைய உள்ளங்கையில் காயவில்லை. வகுப்பில் சோக்கட்டியைப் பிடிக்கும்போதெல்லாம் தெரியும்.

பொருள் மட்டும் போதாது என்று அதிகாரி விளக்கியிருந்தாள். மரபணு பொருந்தினால்தான் எலும்புகளைத் தருவார்கள். பொருந்தாவிட்டால் அவை இலக்கம் எழுதிய பெட்டிக்குள்ளேயே இருக்கும்.

சுசிலாவுக்கு வேண்டியதெல்லாம் பெயர் எழுதிய ஒரு சிலுவை. ஒவ்வொரு நவம்பரும் இறந்தவர்களின் நாளில், யூட்சனுக்கு எங்கே மெழுகுதிரி ஏற்றுவதென்று தெரியாமல் கல்லறைகள் இருக்கும் சேமக்காலையின் வாசலிலேயே நின்றுவிடுவாள். மத்தேயு உள்ளே போய்த் தாய் தகப்பனுக்கு ஏற்றுவார். பிறகு மூலையில், சிலுவை இல்லாத வெறும் மணலில் ஒன்று ஏற்றுவார். கடையில் உள்ளதிலேயே ஆகச் சின்னது. கேட்பாரற்ற ஆன்மாக்களுக்கு என்பார். யூட்சன் கைப்பிள்ளையாக இருந்தபோதே தொடங்கிய பழக்கம் அது.

மரபணுவை அவளுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. கிழமை நாட்களில் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மறைக்கல்வி. இரண்டுக்கும் ஒரே ரீச்சர் என்பதால் பிள்ளைகள் வருடம் தவறாமல் மடக்கப் பார்ப்பார்கள். மனிதனைக் கடவுள் மண்ணால் செய்தாரா, அவன் குரங்கு வழியாக வந்தானா?

அவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. எப்படி வந்தான் என்று விஞ்ஞானம் சொல்லும், யார் விரும்பியதால் வந்தான் என்று வேதம் சொல்லும் என்பாள். படைப்பு ஒருநாள் செய்து முடித்த வேலை அல்ல, ஒவ்வொரு கணமும் இல்லாமல் போகவிடாமல் பிடித்திருப்பதுதான் படைப்பு என்பாள். அவர் கையை விட்டால் ஒரு மணல்கூட மிஞ்சாது என்று முடிப்பாள்.

அந்த மே மாதத்துக்குப் பிறகு கடைசி வசனத்தை அவள் சொல்வதில்லை.

தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி. கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பாள். யூட்சனுக்குள் அவளுடைய பாதியும் இல்லை, மத்தேயுவின் பாதியும் இல்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு. புதுக்குடியிருப்பில் ஒரு பள்ளிக்கூட மண்டபம் நிறைய இடம்பெயர்ந்த சனம். மத்தேயு மன்னாரில் அகப்பட்டு, வர வழியில்லாமல் இருந்தார். அவள் பெற்ற ஆண்பிள்ளை மூன்றாம் நாள் இறந்தது. மண்டபத்தின் பின்னால் பாலை மரத்தடியில், சிலுவைகூட இல்லாமல் புதைத்தாள். அதே கிழமை, பக்கத்துப் பாயில் கிடந்த ஊர் பேர் தெரியாத பெண் மலேரியாவில் போனாள். அவளுடைய கைக்குழந்தையும் நீலம் பாரித்துக் கிடந்தது.

சுசிலா அதைத் தூக்கினாள். அதன் மூக்கிலும் வாயிலும் வாய் வைத்து ஊதினாள். எத்தனை தடவை என்று தெரியாது. பிள்ளை அழுதது. அவளுக்குப் பால் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, மண்டபத்துச் சனத்திடம் விசாரித்து அவளைத் தேடி வந்த மத்தேயு பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். யாரைப் போல இருக்கிறான் என்று கேட்கவே இல்லை. தன் அதிர்ஷ்டம் என்று அவள் நினைத்தாள்.

கடவுள் மண்ணை எடுத்து, அதன் நாசியில் உயிர்மூச்சை ஊதினார் என்று வாசிக்கும் ஞாயிறுகளில் இன்றைக்கும் அவளுடைய குரல் தடுமாறும். மண் யாருடையதோ, ஊதியவள் அவள். ஊதியதை எந்த ஆய்வுகூடம் காட்டும்?

இப்போது உண்மையைச் சொன்னால் மத்தேயு மகனை இரண்டாம் தடவை இழப்பார். சொல்லாவிட்டால் யூட்சன் என்றைக்கும் ஒரு இலக்கம்.

அம்மா பொறுக்கட்டும், முதலில் ஐயாவிடம் எடுக்கலாம் என்றாள் அதிகாரி.

மத்தேயு கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். வாயைத் திறக்கவில்லை. பிளாஸ்டிக் பையின் மேல் விரலை வைத்தார்.

"எங்கட துப்பல் சரிவராது, பிள்ளை. ஆனால் இது என்ர வலை நூல், முடிச்சு இவாவின்ர. இதை வச்சு எங்கட மகனைத் தர ஒரு வழி பாருங்கோ."

சுசிலாவை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மேசைக்குக் கீழே அவளுடைய கையைத் தேடிப் பிடித்தார்.

சேமக்காலை மூலையில் அவர் ஏற்றும் அந்தச் சின்ன மெழுகுதிரி யாருக்கென்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.