அக்கரைக்குப் போன முட்டைகள்

பிள்ளைகளை அளந்தார்கள். எடை போட்டார்கள். மறுபடியும் அளந்தார்கள். வித்தியாசம் மட்டும் வருவேனா என்றது.

மதிப்பீட்டு அதிகாரிக்குத் தலை சுற்றியது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஓர் ஊர், அந்தப் பக்கம் ஓர் ஊர். இரண்டும் ஏழை ஊர்கள்தான். பணம் கொடுத்தால் பிள்ளைகள் நன்றாக வளர்கிறார்களா என்று சோதித்துப் பார்க்க, சீட்டுக் குலுக்கிப் போட்டு, இக்கரையில் பிள்ளை இருக்கிற வீட்டுக்கெல்லாம் மாதாமாதம் பணம் கொடுத்தார்கள். அக்கரைக்குச் சல்லிக்காசு கிடையாது. இரண்டு வருஷம் கழித்து ஒப்பிட்டுப் பார்த்தால், இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் நன்றாகவே வளர்ந்து, ஒரே உயரம், ஒரே எடையில் நிற்கிறார்கள்!

"பணத்தால பிரயோஜனம் இல்லைன்னு எழுதிடுங்க. அடுத்த மாசத்தோட நிறுத்திடலாம்" என்றார் திட்ட இயக்குநர், போனில்.

அதிகாரிக்கு மனசு கேட்கவில்லை. யாரோ கை வைக்கிறார்கள். பிள்ளைகள் வாய்க்குப் போக வேண்டியது வேறு எங்கோ போகிறது. திருட்டை மோப்பம் பிடிப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவர் எண்ணம். வீட்டில் அதை யாரும் ஒத்துக்கொண்டதில்லை.

பாலத்தடியில் தூண்டிலோடு உட்கார்ந்து மூன்று நாள் காவல் காத்தார். மீனும் மாட்டவில்லை, ஆளும் மாட்டவில்லை. நான்காம் நாள் காலை, இக்கரைப் பெண் ஒருத்தி மூடிய கூடையோடு விறுவிறுவென்று பாலத்தில் ஏறினாள். அவர் தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்.

"நில்லும்மா! கூடையில என்ன?"

"ஒண்ணுமில்ல சார்."

"ஒண்ணுமில்லாததுக்கா இப்படி வேர்க்குது?"

மூடியிருந்த துணியை விலக்கினார். முட்டைகள், ஒரு பால் பவுடர் டப்பா, ஒரு ஜோடி சின்னச் செருப்பு.

"உன் பிள்ளைங்களுக்குன்னு கொடுத்த பணத்துல வாங்கி, அக்கரையில விக்கிறியா?"

"ஐயோ, விக்கல சார்! என் தங்கச்சியை அங்கதான் கட்டிக் கொடுத்திருக்கு. சீட்டு எங்க பக்கம் விழுந்துச்சு, அவ பக்கம் விழல. அதுக்கு அவ பிள்ளைங்க என்ன பண்ணும்? அதுங்களை விட்டுட்டு என் பிள்ளைங்க மட்டும் தின்னா எனக்குத் தாங்குமா?"

"நீ மட்டும்தான் இப்படியா?"

"யாருக்கு சார் அக்கரையில சொந்தம் இல்ல? நாத்தனார், கொழுந்தன், சம்பந்தின்னு எல்லா வீட்டுக்கும் ஆள் இருக்கு. ஊரே பாதியை வச்சுக்கிட்டு பாதியை அக்கரைக்குக் கொடுத்துடுது. நீங்க இங்க உக்காந்திருக்கீங்கன்னு மூணு நாளா யாரும் வெளிய வரல. முட்டை கெட்டுடுமேன்னு நான்தான் துணிஞ்சு வந்தேன்."

அதிகாரி துணியை எடுத்துக் கூடையைப் பழையபடி மூடினார்.

"பணத்தை நிறுத்திடுவாங்களா சார்?"

"நிறுத்த விடமாட்டேன். நீ போம்மா."

அன்றைக்கே உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதினார். இங்கே திருட்டே இல்லை, ஒரு ஊருக்குக் கொடுத்த பணம் இரண்டு ஊர்ப் பிள்ளைகளை வளர்த்திருக்கிறது, இதைவிடப் பெரிய வெற்றி எந்தத் திட்டத்துக்கும் கிடைக்காது என்று அடித்துச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தன் வேலை அவருக்குப் பிடித்திருந்தது.

ஒரே வாரத்தில் இயக்குநரிடமிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. ஆவலோடு பிரித்தார்.

'ஒரு ஊர்ப் பணம் இரண்டு ஊருக்குப் போதும் என்று தாங்கள் ஐயமற நிரூபித்துவிட்டதால், அடுத்த மாதம் முதல் பாதிப் பணம் மட்டுமே வழங்கப்படும்.'