வெறும் விரல்

பட்டினி போட்டால் பாக்டீரியா தன் ஆர்.என்.ஏ. முழுவதையும் தானே வெட்டித் தின்றுவிடும் என்று எழுதிப் பேர் வாங்கியவர் பேராசிரியர் தணிகாசலம். இல்லை, ஒரு பகுதியை வெட்டாமல் காப்பாற்றி வைக்கிறது என்று அவருடைய ஆய்வு மாணவி மெர்லின் ஏழு மாதம் உழைத்துக் கண்டுபிடித்தாள். அந்த ஆர்.என்.ஏ. ஒரு சின்னக் குழாயில், பனிக்கட்டிமேல் இருந்தது.

அவளுடைய முடிவைப் பார்க்க மதிப்பீட்டுக் குழு வரவிருந்த காலையில் அவர் அந்தக் குழாயை எடுத்தார். கையுறையைக் கழற்றினார். மனிதத் தோல் பட்டாலே ஆர்.என்.ஏ. சிதைந்துபோகும் என்பது இருவருக்கும் தெரியும். அவளைப் பார்த்துக்கொண்டே மூடியின் உட்புறத்தைச் சுண்டுவிரலால் நிதானமாகத் தடவி, மூடிக் குலுக்கினார்.

“சார்...”

“என்னம்மா? கொண்டுபோய்ச் சோதிச்சுக் காட்டு.”

குழுவினர் முன்னால் திரையில், சிதையாத ஆர்.என்.ஏ. காட்டும் தெளிவான கோடுகளுக்குப் பதில் புகைபோல ஒரு தீற்றல்தான் தெரிந்தது. அவர் எழுதியபடியே எல்லாம் சிதைந்திருந்தது.

“கெட்டிக்காரப் பொண்ணுதான். கைதான் சுத்தம் போதாது,” என்று வருத்தத்தோடு சொன்னார்.

குழுத் தலைவி மெர்லின் பக்கம் திரும்பினார். “நீ ஏதாவது சொல்லணுமாம்மா?”

அவளுடைய ஆய்வேட்டில் பேராசிரியர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மெர்லின் எழுந்து நின்றாள்.

“மன்னிச்சிருங்க மேடம். இனிமே கையை நல்லா கழுவிக்கிறேன்,” என்றாள்.