காலிப் பலகை

“கையெழுத்துதானே மாமா கேக்குறேன், கிட்னியா கேக்குறேன்?”

“முதல் பக்கத்துல போட்டுட்டேனேம்மா.”

“ரெண்டாவது பக்கம்தான் முக்கியம். அதைப் படிச்சதும் பேனாவை மூடி வச்சுட்டீங்க.”

அவள் தன் ஜெராக்ஸ் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து, மனுவை மறுபடி அவர் முன்னால் நகர்த்தினாள். நாளைக் காலை பத்து மணிக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம். அதற்குள் இருநூறு நகல் எடுத்தாக வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பேட்டரிக் கிடங்கு வரப்போகிறது. லாரி நீளத்துக்கு இரும்புப் பெட்டிகள், மொத்தம் அறுபது. பள்ளியிலிருந்து எத்தனை அடி தள்ளி வைப்பீர்கள், தீப்பிடித்தால் புகை எந்தப் பக்கம் போகும், அணைக்கத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று முதல் பக்கத்தில் தெருவே சேர்ந்து கேட்டிருந்தது.

இரண்டாவது பக்கம் அவள் மட்டும் எழுதியது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பழைய கிடங்கில் போன வருஷம் ஒரு பெட்டி எரிந்தது. உள்ளே அவள் கணவன் இருந்தான். தீயணைப்பு வண்டி ஏழு நிமிஷத்தில் வந்துவிட்டது. ஆனால் அதிகாரி கதவைத் திறக்க விடவில்லை.

“ஏழு நிமிஷத்துல அவருக்கு உயிர் இருந்திருக்கும். மயங்கித்தான் கிடந்திருப்பாருன்னு டாக்டரே சொன்னாரு. அந்த ஆளு வெளியில நின்னு பக்கத்துப் பெட்டிக்குத் தண்ணி அடிச்சுக்கிட்டு இருந்தான்.”

“அதுதான் ரூல்ம்மா. உள்ள வாயு நிறைஞ்சிருக்கும், கதவைத் திறந்தா வெடிக்கும். ஆள் இல்லாத பெட்டியைத் தொடவே கூடாது. எரிஞ்சு அடங்குற வரைக்கும் விட்டுடணும்.”

“ஆள் இருந்துச்சே மாமா.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கணவனின் அண்ணன் அவர். அதே கிடங்கில், அதே ஷிஃப்டில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவர். தம்பி போன மறுநாளிலிருந்து அந்தப் பாலத்தையே தாண்டியதில்லை.

“கம்பெனி உங்களை வளைச்சுப் போட்டுடுச்சுன்னு தெருவுல பேசிக்கிறாங்க. நான்தான் சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன்.”

“பேசுனா பேசட்டும்.”

விசாரணையில் தீயணைப்பு அதிகாரி சொன்னது ஒரே வரி: பலகை காலியாக இருந்தது. வேலைக்கு உள்ளே போகிறவர் தன் எண் போட்ட டோக்கனை வாசல் பலகையில் மாட்டிவிட்டுப் போவார். வெளியே வரும்போது எடுத்துக்கொள்வார். டோக்கன் தொங்கினால் உள்ளே ஆள் உண்டு. தொங்காவிட்டால் இல்லை.

“பச்சைப் பொய். அவரு உள்ள கிடக்கும்போது டோக்கன் மட்டும் இறங்கி நடந்து போச்சா? பழி வரும்னு அந்த ஆளே எடுத்து ஒளிச்சிருக்கான். அதைத்தான் எழுதியிருக்கேன். இனிமே அவன் அந்தக் காக்கிச் சட்டையைப் போடக் கூடாது.”

“சாவு வீட்டுக்கு வந்து நின்னாரே அந்த மனுஷன்.”

“வந்தான். வாசலோட திருப்பி அனுப்புனேன்.”

கையெழுத்தை அசலில் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் இரண்டாவது பக்கத்தை மெஷினில் வைத்து ஓடவிட்டாள்; முதல் நகல் சூடாக வந்து விழுந்தது. அவள் அதை எடுத்து, யோசிக்காமல், கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அந்தத் தாளில் கணவனின் பெயர் நான்கு இடத்தில் இருந்தது.

“நீங்க பார்த்துப் பார்த்து வளர்த்த தம்பி,” என்றாள். “என்னைக்காவது தன் சாமானைத் தானே தூக்கியிருக்காரா? டிபன் பாக்ஸு, மழைக்கோட்டு எல்லாம் நீங்கதான். நீங்க வண்டியை எடுத்துட்டு வந்து நிறுத்தினா, பெரிய துரை மாதிரி கையை வீசிக்கிட்டு வந்து பின்னாடி ஏறி உட்காருவாரு.”

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

“நான் சொன்னா பொண்டாட்டி புலம்புறாம்பாங்க. நீங்க கூட வேலை பார்த்தவரு. உங்க கையெழுத்து இருந்தாத்தான் அந்த ஆளு மாட்டுவான்.”

“அவரு பொய் சொல்லலைம்மா. பலகை காலியாத்தான் இருந்துச்சு.”

“நீங்க அங்க இல்லவே இல்லையே. அன்னைக்கு முன்னாடியே கிளம்பிட்டீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

வெளியே யாரோ ஷட்டரைத் தட்டி, கடை உண்டா என்று கேட்டார்கள். செருப்புச் சத்தம் தள்ளிப் போகும்வரை அவர் காத்திருந்தார்.

“ஒரு பெட்டியில ஃபேன் சத்தம் சரியில்ல, பார்த்துட்டு பஸ்ல வர்றேன், நீ போன்னான். சரின்னு கிளம்பிட்டேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டுறப்பதான் பார்த்தேன். பையில ரெண்டு டோக்கன் இருந்துச்சு.”

அவள் கன்னத்திலிருந்த தாளை இறக்கினாள்.

“கைப் பழக்கம்மா. அவனோடதையும் சேர்த்துத்தான் தினமும் எடுப்பேன். போன் பண்ணிச் சொல்லலாம்னு போனைக் கையில எடுத்தேன். அதுக்குள்ள அங்கயிருந்து போன் வந்துடுச்சு.”

மெஷின் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எழுபது, எண்பது நகல்கள் விழுந்திருக்கும். அதில் ஒன்றை எடுத்து, எழுத்து அவள் பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்தார் அவர்.

“அந்த அதிகாரி பேரை அடிச்சுட்டு, என் பேரை எழுதும்மா.”