வெள்ளித்தூள்

“சேலைய முக்கிறாதீகக்கா. வெயிலு இப்ப வந்துரும்.”

தண்ணீர் வாளியைக் கையில் பிடித்தபடி தங்கத்தாய் சிரித்தாள். நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனி வேனில் வந்து இறங்கியவள் இன்னும் முகம்கூடக் கழுவவில்லை. பூச்சட்டிப் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற வேலை. புருவத்தில், கழுத்து மடிப்பில், பழைய பருத்திச் சேலையில் என்று எங்கே பார்த்தாலும் வெள்ளித்தூள் அப்பியிருந்தது.

பக்கத்து வீட்டு ஜாஸ்பினுக்கு அதுதான் வேண்டும்.

ஜாஸ்பின் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் பட்டாசு லேபிள் டிசைன் செய்கிறாள். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே கிடக்கிற பூவையும் நட்சத்திரத்தையும் வெட்டி ஒட்டுகிற ரகம் இல்லை. பஸ் ஸ்டாண்டுச் சாக்கடையில் டீசல் மிதந்தாலும் நின்று பார்ப்பாள். மழையில் சாயம் போன தேர்தல் சுவரைப் பார்க்கிறேன் என்று இரண்டு முறை பஸ்ஸை விட்டிருக்கிறாள். போன தீபாவளிக்கு நன்றாக ஓடிய ராக்கெட் பெட்டியின் சிவப்பு, சாத்தூர் காராச்சேவின் சிவப்பு. வாங்கி வெடித்தவர்கள் ஒருவருக்கும் அது தெரியாது.

கிறுக்கு என்று பிரஸ்ஸில் கேலி செய்வார்கள். முதலாளி ஜெயசுந்தர் மட்டும் கேலி செய்யாமல், புதிதாக வாங்கிய டிஜிட்டல் கேமராவை அவளிடமே கொடுத்து வைத்திருந்தார்.

ஆமத்தூரில் அவர்கள் தெருவில், மருந்து வேலைக்குப் போகிற வீடுகளில் ஒரு வரிசை உண்டு. வந்ததும் சேலை தண்ணீருக்குள் போகும். பிறகு குளியல், மாற்றுச்சேலை. அதெல்லாம் முடிந்த பிறகுதான் தீப்பெட்டியைத் தொடுவார்கள். எவ்வளவு பசித்தாலும் வரிசை மாறாது.

ஜாஸ்பினுக்கும் அது தெரியும். பத்து நிமிஷம்தானே என்றுதான் கேட்டாள்.

சூரியன் மேகத்துக்குள் இருந்தது. வெளியே வந்தபோது எதிர்வீட்டுச் சுவர் மறைத்துவிட்டது. இந்தப் பக்கம் திரும்புங்கள், முந்தானையை விரியுங்கள், கையைத் தூக்குங்கள் என்று ஜாஸ்பின் சொல்லச் சொல்லத் தங்கத்தாய் வெட்கத்தோடு செய்தாள்.

“எம்புட்டு நேரந்தான் பொம்மையாட்டம் நிக்க? என் மூஞ்சியவா பெட்டியில ஒட்டப் போறே?”

வெளிச்சம் இறங்கிக்கொண்டே போனது. ஜாஸ்பின் கேமராவின் சின்னத் திரையில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். ஒன்றிலும் மினுக்கம் விழவில்லை. தூள் வெறும் அடுப்புச் சாம்பல் மாதிரி தெரிந்தது. அவளுக்கு எரிச்சலாக வந்தது.

அப்போது கரண்ட் போனது.

இருட்டிய வீட்டுக்குள் தங்கத்தாய் போனாள். தினமும் அந்நேரம் குளித்து மாற்றுச்சேலையில் இருப்பாள். கரண்ட் போனால் சிம்னி விளக்கு ஏற்றுவாள். கை பழக்கத்தில் தீப்பெட்டியை எடுத்துவிட்டது.

மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து செத்துப்போனாள்.

எல்லாம் முடிந்த அன்று, லாரிக்கு லோடு ஏற்றுகிற அவள் புருஷன் ஊர்க்காவலன் ஜாஸ்பினிடம் வந்தான். ஏன் நிற்க வைத்தாய் என்று கேட்பான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் அதைக் கேட்கவில்லை.

“நீ ஒடனே ஓடியாந்தேல்ல, தாயி?”

கேமராவைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடினேன் அண்ணே என்றாள். போலீசிடமும் அதையேதான் சொல்லியிருந்தாள். பொய் இல்லை. ஈரச்சாக்கைப் போட்டு அவள்தான் அமுக்கினாள். இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். நிற்க வைத்தது தான்தான் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் அந்தக் கொப்புளத்தைப் பார்த்துக்கொள்வாள். உடனே ஓடினோமே. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் சோறு இறங்கியது, அதைப் பிடித்துக்கொண்டுதான் மறுபடி வேலைக்கும் வந்தாள்.

கேமராவை அவளுடைய அப்பா முன்பே பிரஸ்ஸில் ஒப்படைத்திருந்தார்.

ஜெயசுந்தர் அவளை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். பக்கத்து வீட்டுத் துக்கத்தைப் பற்றி நாலு வார்த்தை ஆறுதலாகப் பேசினார். நல்ல மனுஷர். அப்புறம் தயங்கித் தயங்கி ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார்.

சீசன் நெருங்கிவிட்டது, பூச்சட்டிக்காரர் ஆர்டரைத் தூக்கி வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடுவார் போல இருந்தது, அதனால் கேமராவில் இருந்த கடைசிப் படத்தை எடுத்து நானே லேபிள் போடச் சொல்லிவிட்டேன் என்றார். பார்ட்டிக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம்.

கடைசிப் படம் எது என்று ஜாஸ்பின் குனிந்து பார்த்தாள்.

மை காயாத தாள். வரிசை வரிசையாக ஒரே லேபிள். ஒவ்வொன்றிலும் இருட்டுக்கு நடுவே ஆரஞ்சாக ஒரு பூ விரிந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் ஆள் தெரியவில்லை. அதைச் சுற்றி வெள்ளிப் பொறிகள் பறந்தன. அந்த மாலை முழுவதும் அவள் தேடிக் கிடைக்காமல் போன அதே மினுக்கம்.

இடது ஓரத்தில் தங்கத்தாய் வீட்டுக் கதவு நிலை. கோணாமல், நேராக. எந்தப் படத்திலும் ஜாஸ்பின் அப்படித்தான் ஓரத்துக்கு ஒன்றை நிறுத்துவாள்.

இப்படி ஒன்றை எடுத்ததாக அவளுக்கு ஞாபகமே இல்லை.

“பூச்சட்டியப் பத்த வச்சு எடுத்தீகளாம்மா? இருட்டுல எடுத்தும் துளிகூட ஆடல பாருங்க. மூச்சப் பிடிச்சு நின்னுல்ல எடுத்துருக்கீக.”

உற்றுப் பார்க்கச் சொல்லி லென்ஸை நீட்டினார். ஜாஸ்பின் அதை வாங்கவில்லை. இரண்டு கைகளையும் மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டாள்.