வெட்டிய ஓரம்

“தேதி மட்டும் மாறக் கூடாது, அபூர்வா! மாறிச்சு, நாளைக்கு என் வேலை காலி.”

கற்பூரத் தட்டை நீட்டுகிற பவ்யத்தோடு ஃப்ளாப்பியை மகளிடம் நீட்டினார் பூவராகவன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. லோதி ரோடு அரசாங்கக் குவார்ட்டர்ஸின் இரண்டாவது மாடி. அவர் ஜூனியர் இன்ஜினியர். ஜங்புராவில் கட்டிய ஒரு பூங்கா மதிலை நேரில் போய்ப் பார்க்காமலே, ஜனவரி இருபத்திரண்டாம் தேதி ‘பார்த்தேன்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டாராம். யாரோ இப்படி மொட்டைக் கடுதாசி போட, இலாகா விசாரணை வரை வந்துவிட்டது. அவர் கையில் இருந்த ஒரே அத்தாட்சி, அன்றைக்குக் கூடப் போன ஆபீஸ் சகா வைத்தி, ஆபீஸ் கேமராவில் எடுத்த இந்தப் போட்டோ.

அபூர்வா கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தாள்.

“என்னப்பா இது, ஒரே மூடுபனி! நிக்கிறது நீங்களா, விளக்குக் கம்பமான்னே தெரியலை.”

“அதான் கொஞ்சம் வெளிச்சம் போட்டுக் குடுங்கறேன். ஆனா...”

“தேதி. புரியுது. போட்டோவுல கை வெச்சு சேவ் பண்ணினா, ஃபைல்ல இன்னிக்குத் தேதி விழுந்துடும். ‘ராத்திரி உக்காந்து தயார் பண்ணிக் கொண்டாந்தியா’ன்னு கேப்பாங்க. நான் பார்த்துக்கறேன். நீங்க போய்க் குளிங்க.”

“பக்காவா?”

“பக்கா.”

சமையலறையிலிருந்து நெய்யில் ரவை வறுபடும் வாசனை வந்தது.

“ஏம்மா, நாளைக்கு என்கொயரி, இன்னிக்கு வீட்ல கேசரியா?”

“உன் வேலையைப் பாருடி!” என்றாள் அம்மா உள்ளிருந்து.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அபூர்வா திரையில் வெளிச்சத்தைக் கூட்டினாள். பனி கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. மஃப்ளரும் குல்லாயுமாக அப்பா தெரிந்தார். பக்கத்தில் மதில். மதிலைத் தாண்டி, இடது ஓரத்தில்...

அவள் திரைக்கு அருகே குனிந்தாள்.

மோட்டார் பைக்கில் நரேன். பின்சீட்டில், துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஒரு பெண். மஞ்சள் துப்பட்டா. இதோ, இந்த நிமிஷம் பால்கனிக் கொடியில் காய்ந்துகொண்டிருக்கும் அவளுடைய அதே மஞ்சள் துப்பட்டா!

ஜனவரி இருபத்திரண்டு. ‘நொய்டா ஆபீஸ்ல டிரெய்னிங்’ என்று வீட்டில் புளுகிவிட்டு நரேனோடு ஊர் சுற்றப் போன நாள். பத்தடி தூரத்தில் அப்பா நின்றிருக்கிறார்! அன்றைக்குக் காப்பாற்றிய பனியை, இப்போது அவளே துடைத்து எடுத்துவிட்டாள்.

வெளிச்சம் போடாவிட்டால் அப்பாவுக்கு வேலை போகும். போட்டால் அவள் மாட்டுவாள்.

இரண்டே நிமிஷத்தில் முடிவு செய்தாள். அந்த இடது ஓரத்தை மட்டும் நறுக்கென்று வெட்டினாள். பைக் போயிற்று, நரேன் போனான், துப்பட்டாவும் போயிற்று. பிறகு கம்ப்யூட்டரின் கடிகாரத்தை ஜனவரி 22, காலை 9.40 என்று பின்னால் தள்ளி வைத்து, சேவ் செய்தாள்.

ஃபைலில் தேதி: 22.1.2004.

அபூர்வா பெருமூச்சு விட்டாள். அப்பாவும் தப்பித்தார், அவளும் தப்பித்தாள்.

“ஆச்சா?”

தலையைத் துவட்டியபடி அப்பா முதுகுக்குப் பின்னால் நின்றார். திரையை உற்றுப் பார்த்தார்.

“பேஷ்! மூஞ்சி பளிச்னு இருக்கு. தேதியும் அப்படியே இருக்கே, எப்படிம்மா?”

“அது ஒரு டிரிக்குப்பா.”

“அச்சா!” மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையின் கீழ் மூலைக்குக் குனிந்தார். “மணி பதினொண்ணேகால் ஆச்சு. உன் கம்ப்யூட்டர்ல மட்டும் இன்னும் ஒம்பதே முக்கால்தானா?”

கடிகாரத்தைத் திருப்பி வைக்க மறந்துபோயிருந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“இதைத்தான் என்கொயரி ஆபீஸரும் சொன்னார். ‘கம்ப்யூட்டர்ல தேதியை யார் வேணா மாத்தலாம், போட்டோ செல்லாது, உங்க ஆபீஸ் ஆள் சொன்னாலும் செல்லாது, வெளியாள் சாட்சி இருந்தா கொண்டா’ன்னுட்டார்.”

“சொன்னாரா? எப்போ? என்கொயரி நாளைக்குத்தானே?”

“வெள்ளிக்கிழமையே முடிஞ்சுதும்மா. உங்கப்பன் மேல தப்பே இல்லைன்னு எழுதியே குடுத்துட்டாங்க.”

“அப்பா! நிஜமாவா?” துள்ளி எழுந்தாள். கண்ணில் நீர் முட்டியது. “யார் சாட்சி சொன்னது?”

“வைத்தி போன வாரமே ஆபீஸ்ல இதே போட்டோவுக்கு வெளிச்சம் போட்டுப் பார்த்தான். ஓரத்துல ஒரு பைக், நம்பரோட. தேடிப் பிடிச்சோம். தங்கமான பையன். ஆபீஸுக்கு லீவு போட்டுட்டு வந்து, ‘இந்த சார் அன்னிக்கு மதில்ல தட்டித் தட்டிப் பார்த்துட்டிருந்தார், நான் பார்த்தேன்’னு சாட்சி சொல்லிட்டுப் போனான்.”

அபூர்வா பால்கனிக் கொடியைத் திரும்பிப் பார்த்தாள்.

“கூட இருந்த பொண்ணு யாருன்னு கேட்டா மட்டும் வாயைத் திறக்கலை. அந்தத் துப்பட்டாவைக் கரோல்பாக்ல பேரம் பேசி வாங்கினதே நான்தான்னு அவனுக்கு எப்படித் தெரியும்! அப்புறம்தான் நான் யாருன்னு சொல்லி, உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன்.”

“அப்ப... இன்னிக்கு இந்தப் போட்டோ...?”

“பார்த்ததும் நீயே சொல்லிடுவேன்னு நினைச்சேன். நீ என்னடான்னா கத்தரியைத் தூக்கிட்டே!”

கீழே ஒரு பைக் வந்து நின்றது. “கேசரி ரெடி!” என்று அம்மாவின் குரல் கேட்டது.

பூவராகவன் சிரித்தபடி சட்டையை மாட்டிக்கொண்டார்.

“நீ வெட்டின ஓரம் படியேறி வருது. போய்க் கதவைத் திற.”